கண்ணுக்குக் கீழே ஐப்பசி

ஞாயிற்றுக்கிழமைகளில் குளிப்பதைக் கூடுமானவரை தள்ளிப்போடுகிறவன் நான். நாற்பத்தெட்டு வயதில், அதுவும் எழுத்தில், இதை ஒப்புக்கொள்வது அவ்வளவு கௌரவமான காரியமில்லை என்று தெரியும். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம் முழுக்க, இரண்டு கண்ணுக்குக் கீழும் கருப்புப் பிறைகளோடு நான் ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் நடமாடியதற்கு அதுதான் மூல காரணம். காலை பத்து மணி வரை குளிக்கவில்லை. அதனால் ஒரு மூங்கிலிடம் அடிபட்டேன். அதை மறைக்கப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற மாதம் முடிகிற வரை விடியற்காலையில் காவேரியில் குளித்தேன். குளிக்காத குற்றத்துக்கு இவ்வளவு பொருத்தமான தண்டனையை எந்த நீதிபதியும் யோசித்திருக்க முடியாது.

அப்போது நாங்கள் உத்தர வீதியில் என் மாமியார் வீட்டில் குடியிருந்தோம். என்னை வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மாமனார் காலமாகிவிட்டார், மாமியாருக்குத் துணை வேண்டும், எனக்கும் டவுனில் ஆபீஸ், பாலத்தைத் தாண்டினால் மெயின்கார்டு கேட் என்று எல்லோரும் சேர்ந்து ஒரு காரணம் தயாரித்து வைத்திருந்தோம். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, "ஓகோ, துணைக்கா!" என்பார்கள்.

அந்த வருஷம் என் மனைவிக்கு ஏழாவது மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குமுன் இரண்டு தடவை மூன்றாம் மாதத்தோடு நம்பிக்கை கலைந்துபோயிருந்தது. அதனால் வீட்டில் யாரும் குழந்தை என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்வதில்லை. சத்தம் கேட்டால் பயந்து போய்விடும் என்பதுபோல நடந்துகொண்டோம். மாமியார் மட்டும் தாயார் சந்நிதிக்குப் போய் நேரடியாகப் பேசி முடித்துவிட்டு வந்தார். ஐப்பசி முப்பது நாளும் காவேரியில் துலா ஸ்நானம். வீட்டில் மாதம் முழுக்க மடி. அதாவது, குளிக்காதவர் கைபடாமல் துவைத்து, கைபடாமல் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் தளிகை, பூஜை எல்லாம். ஒரு நாள்கூடக் குறை வரக் கூடாது.

அந்தத் துணிகள் உலர்வதற்கென்று, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்றில் ஒரு நீள மூங்கில் தொங்கியது. கைக்கு எட்டாத உயரம். துணியைப் போட, எடுக்க ஒரு கோல். அந்தக் கோலும் மடி.

ஐப்பசி முதல் தேதியன்று மாமியார் என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, உங்களால ஒரே ஒரு உபகாரம் ஆகணும்" என்றார்.

"சொல்லுங்கோ."

"இந்தக் கொடிப் பக்கம் மட்டும் வந்துடாதேங்கோ. நடுவில ஏதாவது பின்னம் வந்துடுத்துன்னா, தாயாரை நான் எந்த முகத்தோட பாக்கறது?"

நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்தது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வரை அதைக் காப்பாற்றினேன்.

அன்று அம்மாவும் பெண்ணும் சந்நிதிக்குப் போயிருந்தார்கள். நான் ஊஞ்சலில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கிட்டப்பார்வைக்காரன், படிக்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவேன். அந்த வழக்கம் அன்று கண்ணாடியைக் காப்பாற்றியது, மூக்கைக் காப்பாற்றவில்லை. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. சாரல் தாழ்வாரத்துக்குள் அடித்தது. கொடியில் இரண்டு ஒன்பது கஜமும் இன்னும் சில உருப்படிகளும் மங்கலாகத் தெரிந்தன.

அந்த நேரத்தில் பேசாமல் படித்துக்கொண்டிருந்திருந்தால் நான் நல்ல மாப்பிள்ளை. ஆனால் உதவி செய்யும் எண்ணம் வந்துவிட்டது. எனக்கு அது அடிக்கடி வராது; வந்தால் விடாது. கல்லூரியில் தர்க்கம் படித்தவன் வேறு. கோலால் எடுத்தால் துணியைத் தொடுவது கோல், நான் அல்ல. கோலை நான் தொடுகிறேன் என்பது வேறு விஷயம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கோலை எடுத்து ஒரு புடவையின் முனையைத் தூக்கினேன். அது இன்னொன்றோடு பின்னிக்கொண்டது. சற்று இழுத்தேன். இன்னும் சற்று இழுத்தேன். ஒரு பக்கத்துக் கயிறு அவிழ்ந்தது. மறு பக்கத்துக் கயிறு, தனியாக இருந்து என்ன செய்வது என்று அதுவும் விட்டுவிட்டது. மூங்கில் எந்தப் பக்கமும் சாயாமல், மட்டம் பார்த்து வைத்ததுபோல, என் மூக்குத் தண்டின்மேல் வந்து இறங்கியது.

கண்ணில் பொறி பறந்தது என்று எழுதுவார்களே, அது அலங்காரம் இல்லை.

வலியைவிடப் பெரிய கவலை தரையில் கிடந்தது. முக்காலி போட்டு ஏறி, கயிற்றைக் கட்டி, குளிக்காத இந்த இரண்டு கையாலேயே அத்தனை துணியையும் பழையபடி விரித்துப் போட்டேன். தர்க்கத்தின் உதவி அதற்குமேல் தேவைப்படவில்லை. ஊஞ்சலில் வந்து உட்காரவும் அவர்கள் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"ஐயோ, என்னன்னா இது! மூக்கு இப்படி வீங்கியிருக்கு?" என்று என் மனைவி வாசலிலிருந்தே அலறினாள்.

அவள் வயிற்றைப் பார்த்தேன். மாமியார் கையிலிருந்த குங்குமப் பிரசாதத்தைப் பார்த்தேன். உண்மை தொண்டை வரை வந்து திரும்பிப் போயிற்று. பகுத்தறிவு பேசுகிறவன்தான் நான். மடிக்கும் மகப்பேற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆபீசில் அரை மணி நேரம் வாதாடுவேன். ஆனால் மூன்றாவது தடவையும் ஏதாவது ஆகி, 'அன்னிக்கு அந்தத் துணி…' என்று அந்த அம்மாள் மனசுக்குள் ஒரு தடவை நினைத்துவிட்டால்? அவர் நினைக்காவிட்டாலும் நான் நினைத்தால்?

"அம்மா மண்டபத்துக்குப் போனேன். துலா ஸ்நானம் பண்ணலாம்னு. படியில பாசி. வழுக்கிடுத்து" என்றேன்.

மாமியார் என்னையே பார்த்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண் என்னைப் பார்த்துக் கலங்கியது. "தாயாரே கூப்பிட்டிருக்கா" என்றார். பிறகு நேரே தாழ்வாரத்துக்குப் போனார். கோலை எடுத்தார். கொடியிலிருந்த அத்தனை துணியையும் இழுத்துப் போட்டு, வாளியில் முக்கி அலசத் தொடங்கினார்.

"சாரல் பட்டிருக்கும்" என்று நானே உளறினேன்.

"ம்" என்றார். அவ்வளவுதான். துணியை உலர்த்திவிட்டு வந்து, "ஆரம்பிச்சதை நடுவில விடப்படாது மாப்பிள்ளை. நாளையிலேர்ந்து என்னோடயே வந்துடுங்கோ. நாலரை மணி" என்றார்.

ஐப்பசியில் நாலரை மணிக் காவேரியைப் பற்றி நிறையப் புண்ணியக் கதைகள் உண்டு. குளிர் என்ற தகவல் எதிலும் இல்லை. அதைவிடக் கஷ்டம் முதல் நாளே வந்தது. "எந்தப் படியில விழுந்தேள்?" என்று மாமியார் கேட்டார். நான் ஒரு படியைக் காட்டினேன். நல்ல படி, அகலமாக, பாசியே இல்லாமல், யாருக்கும் தீங்கு நினைக்காத படி. அன்றிலிருந்து துறைக்கு வரும் ஒவ்வொரு பெண்மணியிடமும், "பாத்து இறங்குங்கோ, இந்தப் பாழாப்போன படியிலதான் எங்காத்து மாப்பிள்ளை விழுந்தார்" என்று மாமியார் அறிவிப்பார். கழுத்தளவு தண்ணீரில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நாளடைவில் அந்தப் படியை எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

முகத்துக்கு வருகிறேன். ஞாயிறன்று வீங்கியது மூக்கு மட்டும்தான். சூடாக ஒத்தடம் கொடுத்தால் நல்லது என்று நானே முடிவு செய்து, துணியைச் சுட வைத்து அழுத்தி அழுத்திக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடியில் ஒரு கதகளிக்காரர் நின்றார். இரண்டு கண்ணைச் சுற்றியும் கத்திரிக்காய் நிறம். ஆபீசில் எங்கள் ஹெட் கிளார்க் பாலக்கரைக்காரர், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். குரலைத் தாழ்த்திப் பேச அவருக்கு வராது.

"சார், உண்மையச் சொல்லுங்க. வீட்டம்மாவா, மாமியாரா?"

"ஆத்துல விழுந்துட்டேன்."

"ஆறு ரெண்டு கண்ணுலயும் அளந்து வச்சுக் குத்தியிருக்கே சார்!"

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. அவரே இரக்கப்பட்டு, "எங்க வீட்டுல பச்சைக் கறித்துண்டு வச்சுக் கட்டுவாங்க. உங்களுக்கு அது ஆகாது. உருளைக்கிழங்க வெட்டி வச்சுப் பாருங்க" என்றார்.

வைத்தேன். கத்திரிக்காய் நிறம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, பத்துப் பன்னிரண்டு நாளில் மஞ்சளும் போயிற்று. எல்லாம் போன இடத்தில் கண்ணுக்கு ஒன்றாகப் பழுப்புப் பிறை தங்கிவிட்டது. பழைய காப்பிக் கறைபோல. அது நகரவே இல்லை.

மாமியார் ஜாதிக்காயைப் பாலில் உரைத்துப் போட்டார். ஜாதிக்காய் கண்ணுக்குக் கீழே எரியும். எரிந்தால் வேலை செய்கிறது என்பது எங்கள் வீட்டு வைத்திய சாஸ்திரம். என் மனைவி எலுமிச்சம்பழச் சாற்றில் பஞ்சை நனைத்துத் தேய்த்தாள். அதுவும் எரிந்தது, ஆகவே அதுவும் வேலை செய்தது. காலையில் கஸ்தூரி மஞ்சள், சாயங்காலம் சந்தனம், நடுவில் ஆபீஸ் மேஜையில் வெள்ளரிக்காய். கறை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தடித்துக்கொண்டு வந்தது. "உள்ளே இருக்கறது வெளியில வரது" என்றார் மாமியார். உள்ளே இருப்பது வெளியில் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் பிரார்த்தனையாக இருந்தது.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் படித்தவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. டவுன் நூலகத்தில் ஒரு தடித்த வைத்தியப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். தலையில் அடிபட்டு, இரண்டு கண்ணைச் சுற்றியும் கருத்தால், மண்டையோட்டின் அடிப்பாகத்தில் விரிசல் இருக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. கூடவே மூக்கிலிருந்து தெளிவாக நீர் வடிந்தால் சந்தேகமே வேண்டாமாம்.

கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மூன்று வாரமாக வடிந்துகொண்டிருந்தது.

விடியற்காலை ஆற்றில் முங்கி, ஈரத்தோடு வீதியெல்லாம் நடந்து வருகிறவனுக்கு மூக்கு வடியாமல் வேறென்ன வடியும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். பாலத்தின்மேல் பஸ் போகும்போது காவேரி இருகரையும் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. எட்டு வருஷம் காத்திருந்து வரும் குழந்தைக்கு நான் இந்த உலகத்திலிருந்து பெயர் சூட்டுவேனா, மேலேயிருந்தா என்று ஓர் எண்ணம் வந்தது. சிரிக்காதீர்கள். நானும் அப்போது சிரிக்கவில்லை.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. தலை கனமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மறுநாளே மாமியார், "டாக்டர்கிட்ட காமிச்சுடலாம். நானும் வரேன். உங்களுக்குச் சரியாச் சொல்லத் தெரியாது" என்று கிளம்பிவிட்டார்.

தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பெரியவர் டாக்டராக இருந்தார். காதில் மயிர், கையில் பொடி மட்டை, நோயாளிகளிடம் பாதி இங்கிலீஷ், பாதி அதட்டல். என் முகத்தைப் பார்த்து, "எப்படி ஆச்சு?" என்றார்.

"துலா ஸ்நானத்துக்குப் போனார். படியில வழுக்கிக் கருங்கல்லுல மோதிண்டுட்டார்" என்றார் மாமியார். கருங்கல் அவருடைய சேர்க்கை.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கருங்கல்லா? முன் பக்கமா விழுந்தீரா, பின் பக்கமா?"

நான், "முன் பக்கம்" என்றேன். மாமியார், "பின் பக்கம்" என்றார். வழுக்கி விழுகிறவர் பின் பக்கம்தான் விழுவார் என்பது அவருடைய நியாயம்.

"நினைவு தப்பித்தா? வாந்தி? இப்போ மூக்குல என்ன, தண்ணியா?" பேனாவைத் திறந்தார். "இது விளையாட்டு இல்லே. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். எக்ஸ்ரே எடுத்து, நாலு நாள் அசையாமப் படுத்திருக்கணும்."

மாமியாரின் முகம் சுருங்கிப் போயிற்று. அவர் மடியில் இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. ஏழு மாதப் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். அந்தக் கைகளைப் பார்த்தபிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவும் அவர் காதுபடச் சொல்லக் கூடாது. டாக்டரிடம் இங்கிலீஷில் தொடங்கினேன். ஆறு இல்லை, கல் இல்லை, துணி உலர்த்தும் கழி, இவ்வளவு உயரத்திலிருந்து, மூக்கின்மேல். இந்த அம்மாளுக்குத் தெரியக் கூடாது, விரதம் இருக்கிறார், பெண்ணின் பிரசவத்துக்காக என்று வேகமாகக் கொட்டினேன். டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் முகத்திலிருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கடைசியில் மேஜையைத் தட்டி, நல்ல தமிழில், "அட, மூங்கிலா!" என்றார்.

"எந்த மூங்கில்?" என்றார் மாமியார்.

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். டாக்டர் ஒரு சிட்டிகைப் பொடி போட்டு, நிதானமாகத் தும்மிவிட்டு, "மூங்கிலரிசிக் கஞ்சி குடுக்கலாம்னேன். உடம்புக்கு நல்லது" என்றார்.

பிறகு என்னை வெளிச்சத்துக்குத் திருப்பி மூக்குத் தண்டை அமுக்கிப் பார்த்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். நினைவு தப்பவில்லை, வாந்தியில்லை, மூன்று வாரமாக நடக்கிறேன், குளிக்கிறேன், பஸ் ஏறுகிறேன்.

"மண்டையில ஒண்ணும் இல்லே" என்று தீர்ப்புச் சொன்னார். அதை வேறு பொருளில் பலர் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குப்போல அது எப்போதும் இனித்ததில்லை. "மூக்குல வரது ஜலதோஷம். மூக்குத் தண்டுல அடிபட்டா ரத்தம் ரெண்டு பக்கமும் கண்ணுக்குக் கீழே இறங்கும். அங்கே தோல் வெங்காயச் சருகு மாதிரி. ரத்தம் கரைஞ்சு போனாலும் அதுல இருக்கற இரும்புச் சத்து கொஞ்சம் துருப்பிடிச்ச மாதிரி தங்கிடும். தானாப் போயிடும், ரெண்டு மூணு மாசம் ஆகும். முதல் நாளே சூடா ஒத்தடம் குடுத்தாத்தான் இவ்வளவு பரவும். குடுத்த மகான் யாரு?"

நான் கையைத் தூக்கினேன்.

"முதல் ரெண்டு நாள் ஈரத்துணிதான் வைக்கணும். குளுமையா. சூடு அப்புறம். இப்போ என்ன போடறீர்?"

மாமியார் பட்டியலை ஒப்பித்தார். டாக்டர் ஜாதிக்காய்க்குத் தலையை ஆட்டினார். எலுமிச்சம்பழத்துக்குக் கையை உயர்த்தி நிறுத்தினார். "அம்மா, கறை போகலைன்னு நீங்க தேய்க்கறீங்க. தேய்க்கறதாலதான் அது போகலை. புண்ணாக்கினா தோல் இன்னும் கருக்கும். ஒண்ணும் போடாதீங்க. வெயில்ல குடை பிடிச்சுண்டு போகச் சொல்லுங்க. அவ்வளவுதான் வைத்தியம். ஆத்துக் குளியலையும் நிறுத்தினா ஜலதோஷம் போகும்."

"மாசக் கடைசி, கடைமுக ஸ்நானத்துக்கு இன்னும் நாலே நாள்தான் இருக்கு" என்றார் மாமியார் மெதுவாக.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மாமியாரின் கைகளைப் பார்த்தேன். இப்போது அவை பிரிந்து, மடியில் தளர்ந்து கிடந்தன. "நாலு நாள்தானே, குளிச்சுடறேன்" என்றேன். ஆயுள் முழுக்கக் குளிக்கச் சொல்லியிருந்தாலும் அன்று சம்மதித்திருப்பேன்.

வெளியே வந்ததும் தெப்பக்குளத்துத் தண்ணீரும், அதற்கு மேலே மலைக்கோட்டையும், தட்டு வண்டியில் கொய்யாப்பழமும், என்னை இடித்துக்கொண்டு போன சைக்கிள்காரனும்கூட, எல்லாமே அப்போதுதான் செய்து வைத்ததுபோலப் புதிதாகத் தெரிந்தன. மாமியார் நேரே நாட்டு மருந்துக் கடைக்கு நடந்தார். மூங்கிலரிசி மூன்றாவது கடையில் கிடைத்தது. ஒரு மாதம் கஞ்சி குடித்தேன். என்னை அடித்ததன் வம்சத்தையே வேகவைத்து விழுங்கியதாக வைத்துக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஒன்றும் போடாமல் இருப்பது எங்கள் வீட்டில் சுலபமான வைத்தியமில்லை. என் மனைவி இரண்டு தடவை பஞ்சோடு வந்து, நினைவு வந்து திரும்பிப் போனாள். கார்த்திகையில் கறை வெளுத்தது. மார்கழி முடிவில் ஹெட் கிளார்க், "என்ன சார், மாமியார் ஊருக்குப் போயிட்டாங்களா? முகம் தெளிஞ்சிருக்கு" என்றார். தையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சௌக்கியம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் செய்தி கேட்டு நான் அழுதேனா என்பதைப் பற்றி என் மனைவியிடம் விசாரிக்க வேண்டாம்.

பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு அடங்கியது. மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். இனிமேலும் சுமக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மழை, கோல், தர்க்கம், மூங்கில், முக்காலி, இந்த இரண்டு கை. அம்மா மண்டபத்துப் பக்கமே அன்று போகவில்லை என்பதையும் சொன்னேன். விரதம் கெடக் கூடாதே என்றுதான் வாயைத் திறக்கவில்லை என்று முடிக்கும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. தியாகத்தைச் சொல்லும்போது அப்படி ஆகும்.

மாமியார் தட்டுவதை நிறுத்தவில்லை. "அன்னிக்கா? அன்னிக்கு விடிகாலம்பறவே அந்தத் துணியெல்லாம் காக்கா அசிங்கம் பண்ணிடுத்தே. மொத்தமும் விழுப்பு, மடி போயாச்சு. எப்படியும் திரும்ப அலசணும், மழை வந்தா நனைஞ்சு ஊறட்டும்னுதான் அப்படியே விட்டுட்டுப் போனேன். உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

கண்ணாடி போட்டிருக்கவில்லை என்றேன்.

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு ஏதோ ஆறுதல் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அடடா! பாவம், அந்தப் படியை ஒரு மாசமா எத்தனை பேர்கிட்டத் திட்டித் தீர்த்தேன்!" என்றார்.